மறதி நோய் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுக்கலாமா? ராபின்சன் பார்க் பெஞ்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் அறிஞர் அண்ணா பூங்கா என்று பலகை இருக்கிறது. 1949-இல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். எங்கள் வாயில் அது இன்னும் ராபின்சன் பார்க்தான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவோம். காசிமேட்டில் மீன் விற்றவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் நின்றே காலம் தள்ளியவர்கள். நான் மாநகராட்சிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். என் அம்மா கடைசி ஆறு வருடம் டிமென்ஷியாவோடு இருந்து இறந்தார். அதற்குப் பிறகு மறதி நோய் ஆராய்ச்சி ஒன்றுக்கு நானே பெயர் கொடுத்தேன். வருடத்துக்கு ஒரு தடவை போய்வருகிறேன்.

இது தெரிந்ததிலிருந்து பெஞ்சில் கேள்விகள்தான். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன், பெயர் மட்டும் போடவில்லை. நான் டாக்டர் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

"டிமென்ஷியா டிமென்ஷியான்றீங்களே டீச்சர், வயசானா வர்ற மறதிதானே அது?"

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயசு மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசிப்பது வேறு. என் அம்மா நாற்பது வருடம் ரசம் வைத்த கை. ஒருநாள் புளியைக் கரைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பாத்திரத்தோடு அடுப்படியில் நின்றிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. மூளை செல்கள் அழிந்து நினைவு, பேச்சு, வழி தெரிதல் எல்லாம் குறைந்துகொண்டே போகும் நிலைக்கு அது பொதுப்பெயர். அதில் பெரும் பங்கு அல்சைமர் நோய். பிரஷரும் சுகரும் கவனிக்காமல் விட்டு மூளை ரத்தக்குழாய்கள் கெட்டு வருவது இன்னொன்று. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். 2023-இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, இது இருக்கிறது.

"ஆராய்ச்சின்னா ஆஸ்பத்திரியில சேர்த்துக்கினு வைத்தியம் பாக்குறதா?"

இல்லை. வைத்தியம் உங்களுக்காக நடப்பது. ஆராய்ச்சி ஒரு கேள்விக்கு விடை தேடுவது. அந்த விடை உங்களுக்குப் பயன்படலாம், பயன்படாமலும் போகலாம். இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் மனவருத்தம் வராது.

அதிலும் பல வகை உண்டு. வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டுப் போவது ஒன்று. ஒரே ஆளை வருடா வருடம் கூப்பிட்டு மாற்றம் பார்ப்பது இன்னொன்று, நான் போவது இந்த வகை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகள், மருமகளிடம் அவர்கள் படும் பாட்டைக் கேட்கிற ஆராய்ச்சிகூட இருக்கிறது. மருந்தை வைத்துப் பார்ப்பது தனி, அதைக் கீழே சொல்கிறேன்.

"எனக்குத்தான் மறதியே இல்லியே, என்ன எதுக்குக் கூப்புடுறாங்கோ?"

பெஞ்சில் அதிகம் வந்த கேள்வி இதுதான். ஆராய்ச்சி என்றால் நோயாளிக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அல்சைமரில் மூளைக்குள் மாற்றம் தொடங்குவது மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்னால். அதனால் இன்றைக்கு நன்றாக இருப்பவர்களை இப்போதிருந்தே பார்த்துவந்தால்தான், பின்னால் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று தெரியும். கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்து ஸ்ரீநிவாசபுராவில் பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் இதைத்தான் செய்கிறது. 45 வயதைத் தாண்டிய கிராமத்து ஜனங்கள் பத்தாயிரம் பேரைச் சேர்ப்பது அவர்கள் திட்டம். சேர்கிறவர்கள் டிமென்ஷியா இல்லாதவர்கள். நம்மைப் போன்ற ஆட்கள்.

"இப்படி ஒண்ணு கீதுன்னே எனக்குத் தெரியாதே. ஏன் ஒருத்தரும் சொல்லல?"

என் அம்மாவை ஆறு வருடத்தில் மூன்று இடத்துக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை எழுதினார்கள், ஸ்கேன் எழுதினார்கள். "ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது, விருப்பமா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியாது. ஓ.பி.யில் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது, அதில் டாக்டர் இதைப் பேசுவார் என்று எதிர்பார்ப்பதும் கஷ்டம்தான். சில இடத்தில் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இங்கிலீஷில்.

இது நம் தெருவுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1998-இல் உலக அளவில் ஒரு ஆராய்ச்சிக் குழு தொடங்கினார்கள், பெயரே '10/66'. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட இங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். அந்தக் குழு இந்தியாவில் நகரத்துக்குச் சென்னையையும் கிராமத்துக்கு வேலூர்ப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. நம் ஊர் கிழவர் கிழவிகள் பதில் சொன்ன கணக்கு உலகப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியாது.

"நான் கைநாட்டு. அவங்க கேக்கறதுக்கு இன்னான்னு சொல்லுவேன்?"

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் போகவேண்டிய காரணமே இதில்தான் இருக்கிறது.

ஞாபகத்தை அளக்கும் பரிட்சைகளில் பல, பள்ளிக்கூடம் போனவர்களை வைத்துச் செய்தவை. கடிகாரம் வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இன்றைக்கு என்ன தேதி. பென்சிலே பிடிக்காத கை கடிகாரம் வரையவில்லை என்றால் அது மறதியா? எங்கள் பெஞ்சில் உட்காரும் ஒரு ஆயா முப்பது வருடம் காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்றவர். "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்ட பெண்ணிடம், "தடை போட்டு பதினோராவது நாளு" என்றாராம். அந்தப் பெண் 'தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மீன்பிடித் தடைக்காலம் இந்தக் கரையில் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கும். பதினோராவது நாள் என்றால் ஏப்ரல் 25. ஆயா சொன்னது ரொம்பச் சரி. கேட்டவளுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை.

நான் மேலே சொன்ன 10/66 குழு பயன்படுத்திய பரிட்சையில் இதற்கு ஒரு வழி இருந்தது. எழுத்து வேண்டாம். பாலம் என்றால் என்ன, சுத்தியலால் என்ன செய்வோம், மருந்து எங்கே வாங்குவோம் என்பது போன்ற கேள்விகள். அதோடு வீட்டில் ஒருவரிடமும் தனியாக விசாரிப்பார்கள். (பாலத்தைப் பற்றி நான் பெஞ்சில் கேட்டுப் பார்த்தேன். "எந்தப் பாலம், பேசின் பிரிட்ஜா?" என்று திருப்பிக் கேட்டார் ஒரு தாத்தா. அவருக்கு முழு மார்க் போடுவேன்.) இப்படிப் பரிட்சைகளைத் திருத்த வேண்டுமானால் படிக்காதவர்கள் உட்கார்ந்து பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். படித்தவர்கள் மட்டுமே போனால் அடுத்த பரிட்சையும் அவர்கள் அளவுக்கே தைக்கப்படும்.

"போனா இன்னா இன்னா பண்ணுவாங்கோ? ஊசி போடுவாங்களா?"

நான் போகும் இடத்தில் அரை நாள் ஆகிறது. உயரம், எடை, பிரஷர், காது கேட்கிறதா, கண் தெரிகிறதா. பிறகு ஞாபகக் கேள்விகள்: பத்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் சொல்லமுடியும் என்பது. ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் சுகர்காரர்கள் மாத்திரையை எப்போது போடுவது என்று முந்தின நாளே கேட்டுவைத்துக்கொண்டு, இட்லி கட்டி எடுத்துப் போங்கள்.

சில ஆராய்ச்சிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உண்டு. எக்ஸ்ரே கதிர் அதில் கிடையாது, ஆனால் பக்கத்தில் தகரக் கொட்டகையை உடைப்பது போலச் சத்தம் வரும். காதில் அடைக்கத் தருவார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் பெண்களுக்கு அங்கே வரும் பெரிய சிக்கல் தாலி. சங்கிலி, மெட்டி எல்லாம் கழற்றச் சொல்வார்கள். அதைவிட ஆபத்து தாலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு. இரும்பு ஊக்கைக் காந்தம் இழுத்துவிடும். நான் போனபோது ஒரு அம்மா கழற்ற மாட்டேன் என்று அழுதுவிட்டார். அங்கிருந்த நர்ஸ் ஒரு மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் பிறகு சங்கிலியை வாங்கிக்கொண்டார். நீங்கள் வீட்டிலிருந்தே மஞ்சள் கயிறு எடுத்துப் போனால் தொல்லையில்லை.

முதுகுத் தண்டில் நீர் எடுக்கிற ஆராய்ச்சியும் இருக்கிறது. வேண்டாம் என்றால் அதை மட்டும் மறுக்கமுடியுமா என்று கேளுங்கள். சிலவற்றில் முடியும்.

"ரத்தத்த எடுத்துக்கினு போயி வித்துடுவாங்கன்றாங்கோ. கிட்னிய எடுத்தமாதிரி ஆயிடப்போவுது."

இதைக் கேட்டால் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன். சுனாமியில் வீடு போன மீனவக் குடும்பங்களை எர்ணாவூரில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே பெண்கள் கடனுக்காகக் கிட்னியை விற்ற செய்தி 2007-இல் வந்தது. 1994-லேயே உறுப்பு விற்பனையைத் தடுக்கச் சட்டம் போட்டாயிற்று, ஆனாலும் நடந்தது. அந்தக் குடும்பங்களில் சிலருக்கு நம் பெஞ்சில் உட்காருகிறவர்கள் சொந்தம். பயப்படாதே என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் அளவைச் சொல்கிறேன். ரத்த தானத்தில் எடுப்பது 350 மில்லி. ஞாபக ஆராய்ச்சிக்கு எடுப்பது சாதாரணமாக 15, 20 மில்லி, மூன்று நாலு டீஸ்பூன். சுகர் டெஸ்டுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட. மயக்க மருந்து கிடையாது, ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க மாட்டார்கள். மறதி ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வயிற்றை ஸ்கேன் பண்ணணும், ராத்திரி தங்கணும், ரத்த குரூப் பார்த்து ஆள் பொருத்தம் பார்க்கணும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எடுத்த ரத்தம் எங்கே போகிறது, எத்தனை வருடம் வைப்பார்கள், வேறு ஆராய்ச்சிக்கும் கொடுப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். இதெல்லாம் அவர்கள் தரும் தகவல் தாளில் இருக்கவேண்டிய விஷயம்.

"பத்து பக்கம் பேப்பர்ல கையெழுத்து கேக்கறாங்க. போட்டா மாட்டிக்குவோமா?"

அந்தப் பேப்பர் உங்களைக் கட்டிப்போட எழுதியது இல்லை. உங்களுக்கு எல்லாம் சொன்னார்கள் என்பதற்கு அத்தாட்சி. தமிழில் இருக்கவேண்டும். அங்கேயே போடவேண்டும் என்று கட்டாயமில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய் மகனிடமோ பேத்தியிடமோ படிக்கச் சொல்லிவிட்டு வரலாம். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகக் கூட இருந்து, எல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்வதைக் கேட்டு, அவரும் கையெழுத்துப் போடவேண்டும். அப்புறம்தான் உங்கள் கைநாட்டு. சாட்சி இல்லாமல் கட்டைவிரலை மையில் அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினதால் அந்த ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியத்தை நிறுத்தக்கூடாது.

"உண்மையான ஆளுங்களா, டூப்பான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

இரண்டு கேள்வி போதும். "எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கா? நம்பர் காட்டுங்க." இது நெறிக்குழு. குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள், அதில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத பொதுஆள் ஒருவர், பெண் ஒருவராவது இருக்கவேண்டும். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரவேண்டும். அந்தக் குழுவின் தொலைபேசி எண் தகவல் தாளில் இருக்கும். மருந்து ஆராய்ச்சி என்றால் இரண்டாவது கேள்வி, "சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?" அது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு. 2009-லிருந்து பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம், பேரன் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வான்.

ஓ.டி.பி. கேட்டால், ஏ.டி.எம். கார்டைக் காட்டச் சொன்னால், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால் அது ஆராய்ச்சியே இல்லை.

"காசு குடுப்பாங்களா?"

ஆட்டோ, பஸ் செலவு, சாப்பாடு, அன்றைக்குப் போன கூலி இவற்றுக்குக் கொடுக்கலாம். ஆசை காட்டி இழுக்கிற அளவுக்குப் பெரிய தொகை கொடுக்கக்கூடாது. எர்ணாவூர் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா, அதற்குத்தான். ஆராய்ச்சிக்காகச் செய்யும் டெஸ்டுக்கு உங்களிடம் காசு வாங்கவும் கூடாது.

"இதால எனக்கு இன்னா லாபம்?"

நேரடியாகச் சொன்னால், அதிகமில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு காது பரிசோதனை. வலது காது மந்தம் என்று அங்கேதான் தெரிந்தது. காது மந்தத்தை அப்படியே விடுவது டிமென்ஷியாவுக்கு ஒரு காரணம் என்று லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கை 14 காரணங்களைக் கணக்கிட்டு, அவற்றைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதம் அளவுக்குத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்கிறது. பிரஷர், சுகர், சிகரெட், குடி, தனிமை, படிப்பு கிடைக்காமல் போனது, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. மணலி, எண்ணூர்க் காற்றைச் சுவாசிக்கிற நமக்குக் கடைசிக் காரணத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை.

மற்றபடி லாபம் பின்னால் வருகிறவர்களுக்கு. இதற்குச் சென்னையிலேயே ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் டி.பி. வந்தால் ஆளைச் சானடோரியத்தில் கொண்டுபோய் மாதக்கணக்கில் விடவேண்டும். 1956-இல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 193 நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். அவர்கள் ஒண்டுக் குடித்தனத்து ஏழைகள். வீட்டில் சாப்பிட்டாலும் நோய் அதே அளவு குணமாகிறது, கூட இருக்கும் குடும்பத்துக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. உலகம் முழுக்க டி.பி. வைத்தியம் மாறியது. என் சித்தப்பா பிறகு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தது அந்த 193 பேர் புண்ணியத்தில்.

"புது மாத்திரை குடுத்து நம்மள எலிமாதிரி டெஸ்ட் பண்ணுவாங்களா?"

மருந்து ஆராய்ச்சி மட்டும்தான் அந்த வகை. மனிதருக்கு வருவதற்கு முன் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் பார்த்திருப்பார்கள். அப்படியும் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2023-இல் முழு அனுமதி கிடைத்த லெக்கானிமாப் மருந்து அல்சைமரின் ஆரம்ப நிலையில் சரிவைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது. ஆனால் சிலருக்கு அதனால் மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வந்தன. அந்த ஆபத்து இருக்கிறது என்று தெரிந்ததே ஆராய்ச்சிக்கு வந்தவர்களால்தான்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. மருந்துப் பரிசோதனையில் உங்களுக்கு ஏதாவது ஆனால் இலவசமாக வைத்தியம் பார்க்கவேண்டும். பாதிப்பு அந்தப் பரிசோதனையால்தான் என்று தெரிந்தால் இழப்பீடும் தரவேண்டும். கையெழுத்துக்கு முன் "எனக்கு ஏதாச்சும் ஆனா யார் பாப்பாங்க, ராத்திரி எந்த நம்பருக்குப் பண்றது?" என்று கேட்டு, எண்ணைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

"பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை குடுப்பாங்களாமே, அது ஏமாத்துதானே?"

சொல்லாமல் கொடுத்தால் ஏமாற்று. இதில் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்: உங்களுக்கு மருந்தும் வரலாம், மருந்தில்லாத மாத்திரையும் வரலாம், எது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. குலுக்கல் போல. அப்படி ஒப்பிடாவிட்டால் மருந்து வேலை செய்ததா, நம்பிக்கை வேலை செய்ததா என்று பிரிக்கமுடியாது.

முடிவு 'பலன் இல்லை' என்றும் வரும். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான பேரை வைத்து பி.சி.ஜி. தடுப்பூசியை ஆராய்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அது தெரிந்ததும் ஒரு லாபம்தான் என்று எனக்குப் படுகிறது. ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு அப்படிப் பட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

"என்னைப் பத்தி மருமவகிட்ட தனியா கேட்டாங்களாம். அவ இன்னா சொன்னாளோ!"

நல்லதுதான் சொல்லியிருப்பாள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மறதி வருகிற பலருக்குத் தங்கள் மறதி தெரியாது என்பதால் கூட இருப்பவரைக் கேட்கிறார்கள். அடுப்பை அணைக்க மறக்கிறாரா, தெரிந்த தெருவில் வழி தப்பினாரா, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா என்று. யாரைக் கேட்கவேண்டும் என்று பெரும்பாலும் உங்களையே சொல்லச் சொல்வார்கள். மருமகள் வேண்டாம் என்றால் மகளைச் சொல்லுங்கள். தினமும் கூட இருக்கிறவர்தான் வேண்டும், துபாயில் இருக்கும் மகன் உதவ மாட்டான்.

"பேத்திக்கு வரன் பாக்கறோம். பைத்தியம் கீது குடும்பத்துலன்னு தெருவுல பேச்சு ஆயிடுச்சின்னா?"

உங்கள் பெயருக்குப் பதிலாக ஒரு எண் போட்டுத்தான் கணக்கு வைப்பார்கள். வெளியாகும் கட்டுரையில் பெயர் வராது. ஆனால் தெருவுக்குத் தெரிவது அப்படி இல்லை. ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர் போட்ட வேன் வாசலில் நின்றால் எதிர்வீடு பார்க்கும். "வீட்டுக்கு வராதீங்க, நான் அங்க வர்றேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் அப்படித்தான் சொன்னேன்.

டிமென்ஷியா பைத்தியமும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. அல்சைமர் டாக்டர் 1906-இல் தன் நோயாளியின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கண்ணால் பார்க்கக்கூடிய கேடு இருக்கிறது என்று காட்டிவிட்டார். வரன் வீட்டாருக்கு இதைச் சொல்லிப் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"எனக்குப் பின்னால வரும்னு முன்னாடியே சொல்லிடுவாங்களா? தெரிஞ்சிக்கினு இன்னா பண்றது?"

பல ஆராய்ச்சிகளில் தனி ஆளுக்கு முடிவு சொல்வதில்லை. சொல்வார்களா, எதைச் சொல்வார்கள் என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். பிரஷர், சுகர், ரத்தசோகை போல வைத்தியம் உள்ளவற்றைப் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

மரபணு விஷயத்தில் யோசித்து முடிவெடுங்கள். ஏ.பி.ஓ.ஈ.-4 என்ற மரபணு வகை இருந்தால் அல்சைமர் வாய்ப்பு கூடும். ஆனால் அது இருந்தும் வராதவர்கள் உண்டு, இல்லாமல் வந்தவர்களும் உண்டு. இப்போது ரத்தத்திலேயே அல்சைமர் அடையாளம் பார்க்கும் பரிசோதனை வந்துவிட்டது. 2025-இல் அமெரிக்காவில் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அது மறதி தொடங்கியவர்களுக்கானது, நன்றாக இருப்பவர்கள் ஜோசியம் பார்க்க அல்ல. நான் எனக்குச் சொல்லவேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கத்து பெஞ்சு அண்ணன், சொன்னால்தான் வருவேன் என்றார். இரண்டும் சரி.

"எங்க அம்மாவுக்கு முத்திப்போச்சு. அவங்களுக்காக நான் கையெழுத்துப் போடலாமா?"

போடலாம். சட்டப்படி உரிய குடும்பத்தவர் போட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் அம்மா முகத்தையும் பார்க்கவேண்டும். அவருக்குப் புரிகிற அளவில் அவரிடமும் சொல்லவேண்டும். அவர் மறுத்தால், அது வாயால் சொல்லாமல் கையை இழுத்துக்கொள்வதாக இருந்தாலும், மதிக்கவேண்டும்.

என் அம்மாவுக்குக் கடைசி வருடம் பேச்சு இல்லை. ரத்தம் எடுக்க வந்தால் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொள்வார். அது வைத்தியத்துக்காக, எடுத்தே ஆகவேண்டும், பிடித்துக்கொண்டேன். ஆராய்ச்சிக்காக என்றால் பிடித்திருக்க மாட்டேன்.

"செத்தப்புறம் மூளையக் குடுக்கலாமாமே?"

கொடுக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியில் 1995-லிருந்து மூளை வங்கி இருக்கிறது. கிண்டி ஐ.ஐ.டி.யில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022-இல் தொடங்கினார்கள். மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி செல் அளவுக்குப் படமெடுக்கிறார்கள். அமெரிக்காவில் கன்னியாஸ்திரீகள் 678 பேர் இறந்தபின் மூளையைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அதில் தெரிந்தது: மூளை நிறைய அல்சைமர் கேடு இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு.

ஸ்டான்லி போன்ற மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானம் கொடுப்பது மாணவர்கள் படிக்க. அது வேறு, இது வேறு. மூளையை இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும், அதனால் குடும்பத்துக்குத் தெரியாமல் எழுதிவைத்துப் பயனில்லை. சங்கு ஊதி, பறை கொட்டி, கூட்டம் கூடின பிறகு பிள்ளைகள் யாரிடம் போய்ப் பேசுவார்கள்? இருக்கும்போதே உட்காரவைத்துச் சொல்லுங்கள். முகம் கெடாது, பார்வைக்கு வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

"சரி, எங்க போயி கேக்கறது?"

நரம்பியல் ஓ.பி.யில் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வரி: "மறதி ஆராய்ச்சி ஏதாவது நடந்தா என்னைக் கூப்பிடுங்க." கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மையத்திலும், அண்ணா நகர் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டிமென்ஷியா பிரிவிலும், டிமென்ஷியா குடும்பங்களுக்கு உதவும் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கத்தின் சென்னைக் கிளையிலும் கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567-இல் யாரிடம் போகலாம் என்று விசாரிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் உங்கள் பிரஷர், சுகர் கணக்கு எழுதித் தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

"புள்ளைங்க வேணாம்ன்றாங்க. மீறிப் போலாமா?"

உங்களுக்குத் தெளிவு இருக்கும்வரை முடிவு உங்களுடையது. மகன் கையெழுத்து தேவையில்லை. ஆனால் கூட வர ஆள் வேண்டும், வீட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதால் சண்டை போட்டுக்கொண்டு போவது நடைமுறையில் கஷ்டம். ஒருமுறை அவர்களையே கூட்டிப்போய் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகள் அங்கேயே இறங்கிவிடுவார்கள்.

"நாலு வருசமா போறேன். இப்ப எனக்கே தடுமாறுது. இனிமே போறதா, வேணாமா?"

இந்தக் கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டார். மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதற்கு எனக்கு அதிக நேரம் பிடித்தது.

முதலில் டாக்டரைப் பாருங்கள், ஆராய்ச்சிக்காரரை அல்ல. தைராய்டு, வைட்டமின் பி-12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் இவற்றாலும் தடுமாற்றம் வரும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. தொடர்ந்து போவதானால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இத்தனை வருடம் உங்களைப் பார்த்து வந்தது இந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான், இனிமேல் வரும் கணக்கு அவர்களுக்கு இன்னும் தேவை. ஆனால் அது அவர்கள் தேவை. உங்களுக்கு வேண்டாம் என்றால் மேலே சொன்னபடி விலகலாம்.

போவதாக இருந்தால், பின்னால் உங்களுக்காக யார் பேசவேண்டும், எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைத்து, ஒரு பிரதியை அங்கேயும் ஒன்றை வீட்டிலும் கொடுங்கள். கேட்டவரும் நானும் அன்று பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினோம். அவர் சொல்ல நான் எழுதினேன்: "ரத்தம் எடுக்கலாம். கேள்வி கேக்கலாம். ஸ்கேன் வேணாம், சத்தம் புடிக்கல. பெரிய பொண்ணு பேசட்டும், சின்னவ அழுவா. நான் கைய இழுத்தா வுட்டுடுங்க." கீழே தேதி போட வேண்டும் என்றேன். தேதி அவருக்கு வரவில்லை. "மார்கழி பொறந்துடுச்சி இல்ல?" என்றார். அதையே எழுதி, பக்கத்தில் தேதியை நான் போட்டேன். பக்கத்து பெஞ்சு அண்ணன் சாட்சி.